50 இடமா, 107 இடமா? பார்க்கிங் கணக்கும் ஒரு பள்ளிவாசலும்

பள்ளிவாசல் விரிவாக்கம், ஷாதி மஹால், மக்தப் மதரஸாவுக்கு இன்னொரு மாடி, வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தையல் கடை. எதைக் கட்டப் போனாலும் இப்போதெல்லாம் முதலில் வரும் கேள்வி, "பார்க்கிங் எங்கே?" என்பதுதான். பிளானைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் குடும்பத்தினர் பலரும் இதை இன்ஜினியர் பார்த்துக்கொள்ளும் கணக்கு என்றே நினைக்கிறார்கள். அந்தக் கணக்கை யார் போடுகிறார்கள், எந்த விதிப்படி போடுகிறார்கள், எந்தக் கட்டத்தில் நாம் வாய் திறக்கலாம் என்பதெல்லாம் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை, அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரில் நடந்த பள்ளிவாசல் வழக்கு நன்றாகக் காட்டுகிறது. அதை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டு, பிறகு நம் பக்கத்து விதிகளுக்கு வருகிறோம்.

அமெரிக்காவில் ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்தந்த ஊர் மன்றம்தான். இந்தத் தெரு வீடுகளுக்கு, அந்தச் சாலை கடைகளுக்கு, ரயில் பாதையோரம் ஆலைகளுக்கு என்று ஊர் வரைபடத்தைப் பிரித்துவிடுவார்கள். நியூயார்க் நகரம் 1916-இல் நகரம் முழுவதற்கும் இப்படி விதி வகுத்தது. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926-இல் உச்ச நீதிமன்றம், ஊராட்சிகளுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கார்கள் பெருகியதும், ஒவ்வொரு கட்டடமும் தன் மனைக்குள்ளேயே இத்தனை வண்டிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்துகொண்டது. ஒஹாயோவின் கொலம்பஸ் நகரம் அடுக்குமாடி வீடுகளுக்கு 1923-லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது. பிறகு உணவகத்துக்கு இத்தனை, மருத்துவமனைக்கு இத்தனை, திரையரங்குக்கு இத்தனை, வழிபாட்டு இடத்துக்கு இத்தனை என்று எல்லா ஊர்களிலும் பட்டியல் வந்துவிட்டது.

நாம் சொல்ல வந்த ஊர் நியூஜெர்சி மாநிலத்தில் சாமர்செட் கவுண்டியில் உள்ள பெர்னார்ட்ஸ். சுமார் 27,000 பேர் வாழும் வசதியான ஊர். அங்கே இரண்டு அவைகள் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட ஊர்க்குழு விதிகளை எழுதும். நியமிக்கப்பட்ட திட்டக்குழு, வரும் மனுக்களை அந்த விதிகளில் உரசிப் பார்த்து அனுமதி தரும் அல்லது மறுக்கும். ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் அளக்கிறார். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகப் போகிறது.

அவ்வூர் முஸ்லிம்கள் ஊர்ச் சமூகக் கூடத்தில்தான் ஜும்ஆ தொழுதுவந்தார்கள். சொந்தப் பள்ளிவாசல் கட்ட 2011-இல் நான்கு ஏக்கர் சொச்சம் நிலம் வாங்கினார்கள். அது குடியிருப்புப் பகுதிதான். ஆனால் அந்தப் பகுதியில் வழிபாட்டு இல்லங்கள் கட்ட விதியே இடம் கொடுத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்த நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜமாஅத்தின் தலைவர் முகமது அலி சவுத்ரி அதே ஊரின் முன்னாள் மேயர். ஆகவே விதி தெரியாமல் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2012 ஏப்ரலில் மனு கொடுத்தார்கள். கட்டடம் பெரிதல்ல, 4,252 சதுர அடி. கும்மட்டம் கிடையாது. மினாராக்கள்கூடப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி போலத் தெரியும்படி அடக்கமாக வரையப்பட்டிருந்தன.

அதிகபட்சம் 150 பேர் தொழ வருவார்கள் என்பது கணக்கு. ஊர் விதி, வழிபாட்டு இல்லங்களுக்கு மூன்று பேருக்கு ஒரு வண்டியிடம் என்கிறது. 150-ஐ 3-ஆல் வகுத்தால் 50. பிளானில் 50 இடம் காட்டினார்கள். திட்டக்குழுவின் சொந்த நிபுணரும் தொடக்கத்தில் அந்த எண்ணைத்தான் ஏற்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. 2012 ஆகஸ்டில் தொடங்கிய விசாரணைக் கூட்டம் 39 முறை கூடியது. மூன்றரை ஆண்டு! நியூஜெர்சியில் இத்தகைய கூட்டங்களில் பொறியாளரும் கட்டடக் கலைஞரும் சத்தியம் செய்து சாட்சி சொல்ல வேண்டும். ஊர்மக்களில் யார் வேண்டுமானாலும் எழுந்து அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நல்ல ஏற்பாடுதான், எங்களுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீட்டிக்க விரும்புகிறவருக்கும் அது வசதியாகிவிடுகிறது. மழைநீர் எங்கே போகும், வேலி எவ்வளவு உயரம், தீயணைப்பு வண்டி எப்படித் திரும்பும் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் பிளானைத் திருத்திக் கொண்டுபோனார்கள்.

இடையில் பார்க்கிங் எண்ணும் மாறியது. 50 போதாது, 107 வேண்டும் என்றது குழு. வெள்ளி நண்பகலில் வேலையிடத்திலிருந்து ஆளுக்கொரு வண்டியில் வருவார்கள், ஞாயிறு காலையில் தேவாலயத்துக்குக் குடும்பமாக ஒரே காரில் வருவதைப் போல இதைக் கணக்கிட முடியாது என்பது முன்வைக்கப்பட்ட வாதம். அந்த விதியில், ஒரு பயன்பாட்டின் தேவை பட்டியலில் உள்ளதற்கு மாறாக இருக்கலாம், சாட்சியங்களைக் கேட்டுக் குழு தீர்மானிக்கலாம் என்ற பொருளில் ஒரு வாசகமும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

50 எங்கே, 107 எங்கே! தாளில் ஒரு எண் மாறியதுபோல்தான் இருக்கும். மனையில் அப்படி இல்லை. கூடுதலாக 57 கார்கள் நிற்க வேண்டுமென்றால் அத்தனை தார்த்தரை வேண்டும். தரை மூடப்பட்டால் மழைநீர் உள்ளே இறங்காது, அதைப் பிடித்துவைக்கத் தனி ஏற்பாடு வேண்டும். வண்டிகள் பக்கத்து வீட்டு எல்லையை நெருங்கும், உடனே வேலி போதாது என்ற ஆட்சேபம் எழும். ஒரு எண்ணைக் கூட்டினால் மற்ற எல்லாக் கணக்கும் கலையும். கட்டடம் கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே புரியும்.

இதற்கிடையே 2013-இல் ஊர்க்குழு விதியையே மாற்றியது. குடியிருப்புப் பகுதியில் இனி வழிபாட்டு இல்லம் கட்டக் குறைந்தது 6 ஏக்கர் வேண்டும் என்றது. ஜமாஅத்திடம் இருந்ததோ நான்கு ஏக்கர். அவர்கள் முன்பே மனு கொடுத்திருந்தார்கள், மனு கொடுத்த நாளில் இருந்த விதிதான் பொருந்தும் என்று நியூஜெர்சி சட்டம் சொல்வதால் தப்பித்தார்கள். ஆனால் அந்த மனு தோற்றால் மறுபடி மனு போடவே முடியாது, நிலம் வீணாகும் என்ற நிலை வந்துவிட்டது. மனுவின் தேதிக்கு எவ்வளவு மதிப்பு என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

2015 டிசம்பரில் குழு மனுவை நிராகரித்தது. 2016 மார்ச்சில் ஜமாஅத் நீதிமன்றம் போனது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீதித்துறையும் ஊர் மீது தனியாக வழக்குப் போட்டது.

டிசம்பர் 31, 2016 அன்று மத்திய நீதிமன்ற நீதிபதி மைக்கேல் ஷிப் பார்க்கிங் விஷயத்தில் தீர்ப்புச் சொன்னார். அவர் கேட்டது எளிய கேள்வி. ஊரிலுள்ள தேவாலயங்களுக்கும் யூதர்களின் வழிபாட்டு இல்லத்துக்கும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவு, பள்ளிவாசலுக்கு மட்டும் வேறு அளவா? மத நிறுவனங்களின் நிலப் பயன்பாட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் உண்டு. அதை ஊர் மீறிவிட்டது என்றார். குழு விரும்பினால் எண்ணைக் கூட்டலாம் என்று வரம்பில்லாமல் விட்டிருந்த அந்த வாசகமும் தெளிவற்றது, செல்லாது என்றார். 2017 மே மாதம் ஊர் நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. நஷ்ட ஈடும் வழக்குச் செலவுமாக 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்கவும், பள்ளிவாசல் கட்ட அனுமதிக்கவும் ஒப்புக்கொண்டது.

இந்தத் தீர்ப்பை நம்மில் சிலர், "பார்க்கிங் கேட்பதே தப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது" என்று புரிந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அப்படி இல்லை. வெள்ளிக்கிழமை வண்டிகள் அதிகம் வரும் என்ற வாதம் முழுக்கப் பொய் என்றும் நீதிபதி சொல்லவில்லை. கேட்பதானால் எல்லோரிடமும் ஒரே அளவுகோலால் கேள், அந்த அளவுகோலை முன்கூட்டியே எழுதிவை என்பதுதான் தீர்ப்பின் சாரம். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம் பள்ளிவாசல் தெரு எப்படி இருக்கிறது என்று நமக்கே தெரியும். எதிர்வீட்டுக் கேட்டை மறித்து பைக்கைச் சாய்த்துவிட்டு உள்ளே போய் முன்வரிசையில் நிற்பதில் என்ன நன்மை இருக்கிறது? பாதைக்கு அதன் உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லித்தந்த சமுதாயம் நாம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக எண்ணச் சொன்னார்கள். அண்டைவீட்டார் ஆட்சேபம் சொன்னால் எல்லாமே காழ்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அந்த எண்கள்மீதே இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005-இல் வெளியிட்ட புத்தகத்தில், கட்டாயப் பார்க்கிங் எண்களுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை, அதன் செலவு முழுவதும் வாடகையிலும் பொருள் விலையிலும் ஏறி வண்டியே இல்லாதவர் தலையிலும் விழுகிறது என்று வாதிட்டார். பஃபலோ நகரம் 2017-இல் அந்தக் குறைந்தபட்ச எண்களை நீக்கியது. அதற்குப் பிறகு மினியாபொலிஸ் உள்ளிட்ட நகரங்களும் நீக்கின.

இனி நம் பக்கம். இங்கே யார் எழுதுகிறார்கள், யார் அளக்கிறார்கள்?

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்ந்த 12-ஆவது அட்டவணையில் நகர்த் திட்டமிடல், நிலப் பயன்பாடு, கட்டட ஒழுங்குமுறை, வாகன நிறுத்துமிடங்கள் எல்லாமே நகராட்சி, மாநகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆனால் நடைமுறையில் தமிழ்நாட்டில் நில வகைப்பாட்டை நம் கவுன்சிலரும் மேயரும் முடிவு செய்வதில்லை. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ.வும் மற்ற ஊர்களுக்கு நகர் ஊரமைப்புத் துறையும் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கின்றன. 1688-இல் உருவான, நாட்டிலேயே பழமையான சென்னை மாநகராட்சிக்கும் இதே நிலைதான். இதில் ஒரு சொல் குழப்பம் வேறு இருக்கிறது. மாநகராட்சியில் "மண்டலம்" என்றால் வார்டுகளைச் சேர்த்த நிர்வாகப் பிரிவு. நில வகைப்பாட்டில் அதே சொல்லுக்குக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனப் பயன்பாடு என்று பொருள். "நாங்க எந்த மண்டலம்?" என்று மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட்டு அந்த எண்ணோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

பார்க்கிங் எண்ணும் அப்படித்தான். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், எந்த வகைக் கட்டடத்துக்கு எவ்வளவு பரப்புக்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வாகனம் என்று மாநிலம் முழுவதற்கும் அட்டவணை இருக்கிறது. உள்ளாட்சி அதை அளந்து பார்க்கும் இடம்தான், எழுதும் இடம் அல்ல. பெர்னார்ட்ஸ் போல 39 பொதுக்கூட்டம் வைத்து ஒரு கட்டடத்தின் எண்ணை விவாதிக்கும் வழக்கமும் இங்கு இல்லை. இதனால் ஒரு நன்மை உண்டு. எண் அச்சில் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறக்கூடாது. யாராவது "உங்களுக்கு இது போதாது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எந்த விதி, எந்த அட்டவணை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

வழிபாட்டு இடம் கட்டுவதில் இன்னொரு படி உண்டு. பள்ளிவாசலோ கோயிலோ தேவாலயமோ, கட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி நெடுங்காலமாக இருந்துவருகிறது. உள்ளாட்சியின் பிளான் அப்ரூவல் மட்டும் போதும் என்று வேலையைத் தொடங்கிய பிறகு நின்றுபோனால், ஜமாஅத்தின் சந்தாப் பணம் கம்பியாகத் துருப்பிடிக்கும். ஆகவே நிலம் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வகைப்பாடு, சாலை அகலம், ஆட்சியர் அனுமதி மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

வீடுகளுக்கு வருவோம். நம் மஹல்லாவில் அதிகம் நடக்கும் மீறல், பிளானில் கீழ்த்தளத்தை ஸ்டில்ட் பார்க்கிங் என்று காட்டி அப்ரூவல் வாங்கிவிட்டு, பிறகு சுவர் வைத்து கடையாகவோ குடோனாகவோ வாடகைக்கு விடுவது. வாடகை வரும்வரை யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு தகராறு வந்து யாராவது புகார் எழுதினால், அன்று சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் நோட்டீஸ் வரும், சீல் வைப்பதுவரை போகும். அதில் அடிபடுவது பெரும்பாலும் கடையை எடுத்து முன்பணம் கொடுத்த வாடகைதாரர். ஒரு விதவைச் சகோதரி தையல் மெஷின் போட இடம் பார்க்கிறார் என்றால், அந்த இடம் பிளானில் கடை என்று இருக்கிறதா, பார்க்கிங் என்று இருக்கிறதா என வீட்டுக்காரரிடம் அப்ரூவல் பிளானைக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

தெருவில் வண்டி நிறுத்துவது முற்றிலும் வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 117-ஆவது பிரிவுப்படி, மாநில அரசோ அது அதிகாரமளித்த அமைப்போ உள்ளாட்சியைக் கலந்து நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கலாம். நோ பார்க்கிங் பலகை வைப்பது, ஒருபக்கம் மட்டும் நிறுத்த விடுவது போன்ற வேலைகளில் போக்குவரத்துப் போலீஸும் உள்ளாட்சியும் சேர்ந்தே இயங்குகின்றன. ஜும்ஆ நேரத்துக்கும் பெருநாள் தொழுகைக்கும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தையோ மண்டபத்தையோ பயன்படுத்த ஏற்பாடு செய்துகொண்டு, அதை எழுத்தில் போலீஸ் நிலையத்தில் தெரிவிப்பது முத்தவல்லியும் நிர்வாகிகளும் செய்யக்கூடிய காரியம். பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடக் கூடாது, ரமலான் தொடங்கும் முன்பே கடிதம் போய்விட வேண்டும்.

அப்படியானால் நாம் பேசுவதற்கான இடம் எது? முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது எவரும் எழுத்தில் ஆட்சேபமோ ஆலோசனையோ தரலாம். அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். சென்னைக்கு 2026-ஐ இலக்காகக் கொண்ட இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாம் திட்டத்தின் வேலைகள் நடந்துவருகின்றன. நம் மையவாடியும் மதரஸாவும் ஷாதி மஹாலும் அந்த வரைபடத்தில் என்ன வகையில் காட்டப்படுகின்றன என்று பார்க்காமல் விட்டால், அடுத்த தலைமுறை அந்தப் பிழையோடு அலைய வேண்டியிருக்கும்.

திட்டம் வந்த பிறகும் தனித்தனி மனைகளுக்கு வகைப்பாட்டை மாற்றிக் கேட்பவர்கள் உண்டு. குடியிருப்பாக இருந்ததை வணிகமாக்கச் சொல்வார்கள். அதற்கு நாளிதழில் சர்வே எண்ணோடு விளம்பரம் வரும், ஆட்சேபம் சொல்ல நாள் கெடு இருக்கும். அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தை யாரும் படிப்பதில்லை. கட்டடம் மூன்று மாடி எழும்பி லாரிகள் தெருவில் நிற்கத் தொடங்கிய பிறகு கையெழுத்து வேட்டை நடத்துகிறோம். கெடுவுக்குள் வந்த ஒரு பக்கக் கடிதத்தைப் பரிசீலிக்க வேண்டும். பிறகு வரும் ஐந்நூறு கையெழுத்தை ஒதுக்கிவைக்கலாம். நகர்ப்புற உள்ளாட்சிகளில் இப்போது வார்டு குழுவும் பகுதி சபைக் கூட்டங்களும் வந்துவிட்டன. தெரு நிறுத்துமிடம், நடைபாதை, வடிகால் போன்றவற்றை அங்கே எழுப்பி, கூட்டப் பதிவேட்டில் ஏறும்படி செய்யலாம். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டங்களுக்கு நம் பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து போவது நல்லது. தெருவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திப் போகிறவர்கள் அவர்கள்தான், எந்த முனையில் லாரி திரும்புகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

வீடு, கடை, மதரஸா எதுவானாலும் கட்டும் முன் வந்து கேட்க விரும்புகிறவர்கள், பட்டா நகல், சர்வே எண், இருந்தால் பழைய அப்ரூவல் பிளான், வீட்டின் முன்னுள்ள சாலையின் அகலத்தை அளந்து எழுதிய தாள் ஆகியவற்றோடு அலுவலகத்துக்கு வாருங்கள். சர்வே எண் தெரிந்தால் சென்னைப் பகுதி நிலங்களின் வகைப்பாட்டை சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். நம் மஹல்லாவைச் சேர்ந்த சர்வே எண்ணுடன் நில வகைப்பாடு மாற்ற விளம்பரம் எதையாவது நாளிதழில் கண்டால், வெட்டி எடுத்து, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் எழுதி, அன்றே கொடுத்துவிடுங்கள்.